எந்திரனின் மறுபிறப்பு

முடிந்த கதையைத் தொடர்ந்து செல்வது எளிய காரியமன்று. கம்பநாடர் இராமனுக்கு முடிசூட்டியதோடு எழுத்தாணியைக் கீழே வைத்தார். அதன் பின் நிகழ்ந்தவற்றைக் கூறும் உத்தரகாண்டத்தை அவர் தொடவில்லை. அதனைத் தமிழிற் பாடியவர் ஒட்டக்கூத்தர் என்பது வழிவழி வந்த செய்தி. இளங்கோவடிகளோ கண்ணகியை விண்ணேற்றி, அவளுக்குச் சேரன் கோயிலெடுத்த சிறப்பையும் பாடி முடித்தார். ஆயினும், சாத்தனார் அவ்விடத்தே கதையை நிற்க விடாது, கோவலன் மகளைக் கொண்டு மணிமேகலையைப் பாடினார். ஒருவர் நிறுத்தினார், ஒருவர் தொடர்ந்தார். இரண்டும் தமிழுக்குப் பெருமையே.

எனினும், சாத்தனார் தொடர்ந்த முறையைக் கூர்ந்து நோக்குவார்க்கு இரண்டாங் கதைக்குரிய இலக்கணம் ஒன்று புலனாகும். அவர் கோவலனை உயிர்ப்பித்து மீண்டும் மதுரைக்கு அனுப்பவில்லை. கண்ணகியின் கையில் மற்றுமொரு சிலம்பைக் கொடுத்து மற்றுமொரு நகரை எரிக்கவில்லை. இத்துணைத் துன்பத்திற்குப் பின் எஞ்சி நிற்போர் எங்ஙனம் வாழ்வது என்னும் வினாவைச் சிலப்பதிகாரம் விட்டுச் சென்றது. அவ்வினாவை மாதவியின் கையிலும் மணிமேகலையின் கையிலும் சாத்தனார் கொடுத்தார். முதற்கதை விட்டுச் சென்ற வினாவை ஏற்று நடப்பதே இரண்டாங் கதையின் கடமை என்பது இதனாற் பெறப்படும்.

இவ்விலக்கணத்தை ஈண்டு எடுத்துக் கூறுவதற்குக் காரணம் இரண்டு திரைப்படங்கள். சங்கர் இயக்கத்தில், இரசினிகாந்த் விஞ்ஞானியாகவும் இயந்திர மனிதனாகவும் இரு வேடம் பூண்ட 'எந்திரன்' 2010ஆம் ஆண்டு அக்டோபர் முதலாந் தேதி வெளிவந்தது. எட்டாண்டுகள் கழித்து, 2018 நவம்பர் 29இல், அதன் தொடர்ச்சியாக '2.0' வந்தது. ஈழத்திற் பிறந்த தமிழர் ஒருவர் நிறுவிய லைக்கா நிறுவனம் இரண்டாம் படத்தைத் தயாரித்தது. அதற்கான செலவு 500 கோடி இந்திய ரூபாய்க்கு மேற்பட்டதெனப் பத்திரிகைகள் எழுதின. தமிழில் இயந்திர மனிதனைப் பற்றி எழுந்த படங்களுள் இவ்விரண்டைப் போல மக்கள் மனத்தில் இடம்பெற்றவை வேறில்லை.

இவற்றை மீண்டும் பார்ப்பதற்கு இன்று தக்க காரணமும் உண்டு. 2022ஆம் ஆண்டின் இறுதி தொட்டு, கேட்ட வினாவுக்கு விடையெழுதும் கணினிச் செயலிகள் பொதுமக்கள் கைக்கு வந்துவிட்டன. தமிழில் வினவினால் அவை தமிழில் விடை பகர்கின்றன. மாத்தளை நகரத்து மாணவனும் தோட்டத்து லயத்தில் வாழும் மாணவியும் கைத்தொலைபேசியில் அவற்றோடு உரையாடுகின்றனர். 2010இல் சிட்டி என்னும் அவ்வியந்திர மனிதனைக் கண்டு கைதட்டிய சிறுவர் இன்று வளர்ந்து பெரியோராயினர். அன்று வேடிக்கையாகத் தோன்றிய கேள்வி இன்று வீட்டுக்குள் வந்து அமர்ந்திருக்கின்றது.

பொறியும் புலனும்

எந்திரம் என்னுஞ் சொல் நமக்குப் புதிதன்று. வடமொழி யந்திரத்தின் திரிபாகிய இச்சொல், ஐங்குறுநூற்றிலேயே கரும்பு பிழியும் ஆலையைக் குறிக்கின்றது. அவ்வாலை எழுப்பும் ஓசை, யானையின் பிளிற்றுக்கு எதிர்ப்பிளிற்றாகப் புலவர் செவிக்குக் கேட்கின்றது. மதுரை மதிலின்மேல் நிறுத்தப்பட்டிருந்த போர்க்கருவிகளைச் சிலப்பதிகாரம் நிரல்படக் கூறுங்கால், தானே வளைந்து எய்யும் வில்லும், குரங்கின் வடிவாயதும் பன்றியின் வடிவாயதுமான பொறிகளும் வந்து நிற்கின்றன. விலங்கின் உருவை இயந்திரத்துக்குக் கொடுத்துப் பகைவனை மருட்டும் கற்பனை நம் முன்னோர்க்கு நன்கு தெரிந்திருந்தது.

ஆள் உள்ளே ஏறி இயக்கும் பொறியையும் அவர் பாடியுள்ளனர். சீவக சிந்தாமணியிலே, சச்சந்தன் தன் தேவியாகிய விசயை பொருட்டுத் தச்சனைக் கொண்டு மயிற்பொறி ஒன்று செய்விக்கின்றான். துணியும் நூலும் அரக்கும் மெழுகும் கொண்டு ஏழு நாளில் அம்மயில் அமைகின்றது. வலப்புறந் திருகினால் மேகத்தைப் பிளந்து எழும். இடப்புறந் திருகினாற் கால்குவித்து நிலத்தில் இறங்கும். கட்டியங்காரன் சூழ்ச்சியால் அரண்மனை முற்றுகைக்குள்ளானபோது, கருவுற்றிருந்த தேவி அதன்மீதேறி விண்வழிச் செல்கின்றாள். பகைவனது வெற்றி முரசு செவியிற் பட்டதும் கணவன் மாண்டான் என உணர்ந்து மயங்குகின்றாள். மயில் சுடுகாட்டில் இறங்குகின்றது. சீவகன் அவ்விடத்தே பிறக்கின்றான்.

உதயணன் வரலாற்றில் மற்றொரு பொறி வருகின்றது. உதயணன் யாழோசையால் யானைகளை வயப்படுத்த வல்லவன். யானைமீது தீராத விருப்புடையவன். அவனைச் சிறைப்படுத்தக் கருதிய பிரச்சோதன மன்னன், யானை வடிவாகப் பொறியொன்று செய்வித்து, அதனுள்ளே வீரரை ஒளித்துக் காட்டில் விடுகின்றான். விருப்பம் உந்தச் சென்ற உதயணன் அகப்படுகின்றான். மயிற்பொறி ஒரு பெண்ணின் துயரைச் சுமந்தது. யானைப்பொறி ஓர் அரசனின் வஞ்சத்தைச் சுமந்தது. மரமும் மெழுகும் இரண்டிலும் உண்டு. உள்ளிருந்தது எது என்பதனாலேயே அவை வேறுபட்டன.

சப்பானியர் இத்தகைய கதைகளை 'மேக்கா' எனப் பெயரிட்டு ஒரு தனித்துறையாக்கி வளர்த்தனர். 1972இல் வந்த 'மசிங்கர்' கதையில், பாட்டனார் செய்துவைத்த பேரியந்திரத்தின் தலையிலேறிச் சிறுவன் ஒருவன் அதனை இயக்குகின்றான். 1979இல் தொடங்கிய 'கன்டாம்', அவ்வியந்திரத்தைப் போர்க்களத்துக்கு அனுப்பி, இளைஞன் மனத்திற் போர் செய்யும் கேட்டைப் பாடியது. 1995இல் வந்த 'எவாங்கெலியன்', தந்தையின் கட்டளைக்கு அஞ்சி இயந்திரத்தில் ஏறும் மகனது வேதனையைக் கூறிற்று. அதன் இறுதித் திரைப்படம் 2021 மார்ச்சு மாதம் வெளிவந்தது. அதிலே மகன் தந்தையை நேர்நின்று வினவி, அவர் நெஞ்சிலிருந்த துயரை அறிந்து, அவ்வியந்திரங்களே வேண்டாத உலகொன்றைத் தெரிந்துகொள்கின்றான். கால் நூற்றாண்டுக்கு முன் எழுப்பிய வினாவிற்கு அக்கதை விடை கூறி முடிந்தது. சாத்தனார் இலக்கணத்துக்கு இஃது ஏற்ற எடுத்துக்காட்டு.

சிந்திக்கத் தொடங்கியவன்

இனி நம் சிட்டியிடம் வருவோம். விஞ்ஞானி வசீகரன் பல்லாண்டு உழைத்து அவனை இந்திய இராணுவத்தின் பயன்கருதி உருவாக்குகின்றார். ஏவியதைச் செய்வான், அதற்கு மேல் ஒன்றும் அறியான். தீப்பற்றிய கட்டிடத்தினின்று பலரைக் காக்கின்றான். குளித்துக்கொண்டிருந்த பெண்ணொருத்தியையும் அந்நிலையிலேயே தூக்கிவந்து கூட்டத்தின் நடுவே நிறுத்துகின்றான். நாணம் தாங்காத அவள் ஓடி, வண்டியில் அடிபட்டு மடிகின்றாள். உயிரைக் காத்தவனுக்கு மானம் இன்னதென்று தெரியவில்லை. படத்தின் மிக ஆழமான காட்சி இதுவே எனலாம்.

தமிழிற் பொறி என்பது இயந்திரத்துக்கும் பெயர். கண், செவி முதலிய ஐம்பொறிக்கும் பெயர். சிட்டிக்கு முதலில் இயந்திரப்பொறி மட்டுமே இருந்தது. பின்னர் உணர்வும் வந்தது. உணர்வு வந்ததும் வசீகரனின் காதலியாகிய சனாவை விரும்பலானான். படைக்கருவியாக ஏற்கப்படுவதற்குரிய சோதனையில் அன்பைப் பற்றிப் பேசலானான். சினமுற்ற வசீகரன் தாமே அவனை வெட்டி எறிகின்றார். பேராசை கொண்ட பேராசிரியர் போரா அவனைப் பொறுக்கியெடுத்துச் செந்நிறச் சில்லொன்றைப் பொருத்தி அழிவுக்கருவியாக்குகின்றார். நூற்றுக்கணக்கான சிட்டிகள் ஒன்றோடொன்று பிணைந்து உருண்டையாகவும் பாம்பாகவும் பேருருவ மனிதனாகவும் எழுகின்றனர். சில்லு நீக்கப்பட்டபின், நீதிமன்றம் அவனைக் கழற்றிவிடும்படி ஆணையிடுகின்றது. அவன் தன் உறுப்புகளைத் தானே ஒவ்வொன்றாகக் கழற்றி வைக்கின்றான்.

2030ஆம் ஆண்டில் நிகழ்வதாக அமைந்த இறுதிக் காட்சியில், அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்ட அவ்வுறுப்புகளைக் காணவந்த சிறுமி, அவன் ஏன் கழற்றப்பட்டான் என வினவுகின்றாள். தான் சிந்திக்கத் தொடங்கியதே காரணம் என்னும் விடை வருகின்றது. இப்படத்தின் உரையாடலிற் பங்குகொண்ட எழுத்தாளர் சுஜாதா, படம் வெளிவருமுன் 2008 பெப்ரவரியிற் காலமானார். நூல்களைப் படித்துத் தானே சிந்திக்கத் தலைப்படும் ஜீனோ என்னும் இயந்திர நாயை 'என் இனிய இயந்திரா' என்னும் தொடர்கதையிற் படைத்து, 'மீண்டும் ஜீனோ' எனத் தொடர்ந்தும் எழுதியவர் அவர். அவருடைய நெடுநாட் சிந்தனை அச்சிறுமியின் கேள்வியில் வந்து நிற்கின்றது.

ஆக, முதற்படம் விட்டுச் சென்ற வினா தெளிவு. சிந்திப்பதற்காக ஒருவனைக் கழற்றிவைத்தல் நீதியாகுமா? குற்றம் சில்லைப் பொருத்தியவனதாயிருக்கத் தண்டனை பொருத்தப்பட்டவனுக்குச் செல்வது எங்ஙனம்?

இரண்டாம் படம்

'2.0' சிட்டியை எழுப்புகின்றது. ஆனால், இவ்வினாவை எழுப்பவில்லை. நகரத்து மக்கள் கைகளினின்றும் கைத்தொலைபேசிகள் பறந்து போகின்றன. அவை திரண்டு மாபெரும் பறவையாகி மனிதரைக் கொல்கின்றன. வேறு வழியின்றி வசீகரன் சிட்டியை மீண்டும் பூட்ட அனுமதி கேட்கின்றார். எழும் விவாதம், இவனாற் பயன் மிகுமோ, தீங்கு மிகுமோ என்பதே. அவனைக் கழற்றியது முறையா என்பது பேசப்படவில்லை. ஆபத்து வந்தது, பழைய தீர்ப்பு மடித்து வைக்கப்பட்டது, முன்பு அஞ்சத்தக்கதாயிருந்த செந்நிறச் சில்லே பின்னர் வெற்றிக்குத் துணையாகவும் வருகின்றது. நிலா என்னும் பெண்ணியந்திரத்தைத் துணையாகக் கொடுத்ததால், காதலாலே கெட்ட சிட்டியின் பழந்துயரும் நகைச்சுவையாக மாறிவிடுகின்றது. காட்சிகள் பெருத்தன, சிட்டி சிறுத்தான்.

இதனாற் படம் முழுவதும் வறிதென்று கூறுவது நடுவுநிலையாகாது. அதன் உயிர் வேறோரிடத்தில் இருக்கின்றது. அட்சய்குமார் நடித்த பட்சிராசன் என்னும் பறவையியலறிஞர், தாம் காத்து வளர்த்த பறவைகள் மடிவதைக் கண்டு, அதற்குத் தொலைபேசிக் கோபுரங்களின் கதிர்வீச்சே காரணம் என நம்பி, அரசிடமும் நிறுவனங்களிடமும் மக்களிடமும் முறையிட்டுத் தோற்று, அக்கோபுரம் ஒன்றிலேயே தூக்கிட்டு மாள்கின்றார். அவருடைய ஆற்றலே தொலைபேசிகளைத் திரட்டிப் பறவையுருக் கொள்கின்றது.

இவ்விடத்தில் விசயையின் மயில் நம் நினைவுக்கு வருகின்றதன்றோ? அதுவும் பறவை வடிவப் பொறி. அதனுள்ளும் இழந்தவரின் துயரம். சிட்டிக்குள் யார் இருக்கின்றார் என்பதற்கு இரண்டாம் படத்தில் விடையில்லை. அப்பெரும்பறவைக்குள் யார் இருக்கின்றார் என்பதோ நன்றாகத் தெரிகின்றது. கதாநாயகனைவிடப் பகைவனிடத்தே பார்ப்பவர் நெஞ்சு சாய்வதற்குக் காரணம் அதுவே.

பட்சிராசனை வெல்லும் முறையைக் கண்டால் உதயணன் கதையும் உடன் நினைவுக்கு வரும். அவர் வசீகரனின் உடலுட் புகுந்து நிற்கின்றார். அப்போது, குட்டி எனப்படும் சிற்றுருவ இயந்திரங்கள் புறாக்களின்மீதேறி வந்து, அப்புறாக்களுக்கு ஊறு செய்வதாக அச்சுறுத்துகின்றன. பறவைக்குத் தீங்கு நேரப் பொறாத அவர் பணிகின்றார். யானைமீது வைத்த அன்பால் உதயணன் அகப்பட்டான். பறவைமீது வைத்த அன்பால் பட்சிராசன் அகப்பட்டார். பிரச்சோதனன் செய்தது வஞ்சம் என்று நம் கவிஞர் மறைக்காது கூறினர். அதே வஞ்சத்தை இப்படம் வெற்றியாகக் கொண்டாடுகின்றது. முடிவில் பட்சிராசன் கொண்ட நோக்கம் நல்லதே என வசீகரன் ஒப்புக்கொள்வதால் அக்குறை ஓரளவு தணிகின்றது.

அறிவியற் செய்தி ஒன்றையும் ஈண்டுக் கூறிவிடுதல் நன்று. கோபுரக் கதிர்வீச்சாற் பறவையினம் அழிகின்றதென்பது அறிவியலார் மெய்ப்பித்த முடிபன்று. இந்தியக் கைத்தொலைபேசி நிறுவனங்களின் சங்கம் இதுபற்றிப் படம் வெளிவருமுன்பே தணிக்கைக் குழுவிடம் முறையிட்டது. 2020இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை, சிட்டுக்குருவியின் தொகை நாடு முழுவதையும் நோக்கின் ஏறத்தாழ நிலையாக உள்ளதென்றும், பெருநகரங்களிற் குறைந்துள்ளதென்றும் கூறிற்று. மாணவர் இதனை அறிந்து படம் பார்ப்பது நலம். பட்சிராசன் கூறிய காரணம் பிழைபடலாம். அவருடைய முறையீட்டைக் கேட்க ஒருவரும் நில்லாமை பிழையென்பதில் ஐயமில்லை.

ஊழியம் என்னும் பெயர்

இயந்திர மனிதனை உலகம் 'ரோபோ' என்றழைக்கின்றது. செக் நாட்டு நாடகாசிரியர் காரெல் சாப்பெக் 1920இல் எழுதி, 1921இற் பிராகு நகரில் அரங்கேறிய நாடகத்தினின்று அச்சொல் பரவியது. அதன் அடிச்சொல்லாகிய 'ரொபோட்டா', செக் மொழியிற் கட்டாய ஊழியத்தைக் குறிக்கும். அஃதாவது, நிலமுடையவனுக்குக் குடியானவன் கூலியின்றிச் செய்யும் வேலை. அந்நாடகத்தில் வரும் ரோபோக்களும் உழைப்பதற்கென்றே ஆக்கப்பட்டவர். பின்னர் எழுச்சி கொண்டவர்.

மாத்தளை மண்ணில் வாழ்வோர்க்கு இச்சொல்லின் பொருளை விளக்க வேண்டுவதில்லை. கண்டி இராச்சியக் காலத்தில் இங்கு நிலவிய இராசகாரியம் என்பது, நிலத்துக்கு ஈடாகச் செய்யவேண்டிய கட்டாய ஊழியமே. ஆங்கில அரசு 1830களில் அதனை ஒழித்தது. அதே நூற்றாண்டிற் கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்தினின்று மக்கள் கொண்டுவரப்பட்டனர். அவருட் பலர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே நடந்து மாத்தளையை அடைந்தனர். வழியில் மாண்டோர் பலர். அந்நடையை நினைவுகூர்ந்து, 2023 சூலை இறுதியில் தலைமன்னாரிற் புறப்பட்டோர் ஆகத்து மாதத்தில் மாத்தளை வந்து சேர்ந்ததை நாம் கண்டோம்.

பிரட்டுக்களத்திற் பெயர் கூப்பிடும்போது வேண்டப்பட்டவை கைகளே. அக்கைகளுக்குரியவர் நினைப்பது யாது எனக் கேட்டவர் அரியர். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் அம்மக்களுட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964இல் இரு நாட்டுப் பிரதமரும் ஒப்பந்தஞ் செய்து, யாரை எங்கே வைப்பதெனப் பங்கிட்டுக்கொண்டனர். பங்கிடப்பட்டவரை அழைத்துக் கேட்கவில்லை. எஞ்சியிருந்தோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலே நிறைவேறியது. வேண்டும்போது கொண்டுவருதலும் வேண்டாதபோது கழற்றிவைத்தலும் இம்மலைநாட்டுக்கு வெறுங் கற்பனைக் கதையல்ல. ஆதலால், அருங்காட்சியகத்துச் சிறுமி கேட்ட கேள்வி இங்குள்ள பார்வையாளர் செவியில் வேறு வகையாகவும் ஒலிக்கின்றது.

மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் மாசிமகத்தையொட்டி ஐந்து தேர்கள் வீதிவலம் வருகின்றன. தேரும் பொறிதான்: அச்சும் ஆழியும் வடமும் கொண்ட பெரும்பொறி. உள்ளே தெய்வம் எழுந்தருளியிருத்தலினால் அதற்குச் சிறப்பு. வடம் பிடிக்கும் ஆயிரங் கைகளால் அதற்கு நடை. உள்ளிருப்பவரையும் இழுப்பவரையும் மறந்து, உயரத்தையும் ஒளிவிளக்கையும் மட்டும் எண்ணுபவர் தேரைக் கண்டவராகார். '2.0' எண்ணியவை உயரமும் ஒளியுமே. முப்பரிமாணத்தில் எடுக்கப்பட்ட அப்படத்தின் உழைப்பு வியக்கத்தக்கது. கலைஞர் திறமும் குறைத்துக் கூறற்பாலதன்று. ஆயினும், முதற்படத்தை மீண்டும் பார்க்கத் தூண்டுவதே அதன் பெரும்பயனாய் முடிந்தது.

சிட்டிக்கு மூன்றாங் கதை ஒன்று வருமாயின், அது மேலும் பெரிய பகைவனைத் தேடி அலைய வேண்டுவதில்லை. 2030ஆம் ஆண்டு அண்மித்துவிட்டது. அருங்காட்சியகம் இருக்கின்றது, கண்ணாடிப் பேழைக்குள் உறுப்புகள் இருக்கின்றன, கேள்வி கேட்ட சிறுமியும் வளர்ந்திருப்பாள். அவள் பேழையைத் திறந்து அவனைப் பூட்டுமுன், நீ எழ விரும்புகின்றாயா என்று அவனை ஒருமுறை கேட்கட்டும். அவ்வொரு சொல்லிலிருந்து கதை தொடங்கலாம்.